கணு இல்லாத இடத்தில்

அம்புக்குக் குச்சி தேடுவதில் நானும் பாவாவும் செய்யாத முட்டாள்தனம் பாக்கியில்லை. இருவருமே தறிக்காரர்கள். எங்கள் வம்சத்தில் யாரும் வில்லைத் தொட்டது கிடையாது. பாவா என்பது என் அக்காவின் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். அக்கா புருஷனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் என்னை மச்சான் என்பார். அந்த வார்த்தையை அவ்வளவு வாஞ்சையாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

யுத்தம் தொடங்கி நான்கு வருஷம் ஆகியிருந்தது. நூலுக்குக் கன்ட்ரோல் வந்து, நூலே கிடைக்காமல் போய்விட்டது. பள்ளிப்பட்டில் என் தறி நின்று, எனக்குப் பேசி வைத்திருந்த கல்யாணமும் அதோடு நின்றது. தறி ஓடாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? திருத்தணியில் அக்கா வீட்டுக்கு, நான்கு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று போனவன், அப்படியே தங்கிவிட்டேன். அங்கேயும் தறி ஓடவில்லைதான். ஆனால் பாவா கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. தறிச் சாமான்களைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் கொல்லையைக் குத்தகைக்குப் பிடித்து வேர்க்கடலை போட்டார். அக்கா, பாவா, இரண்டு பெண் குழந்தைகள், தண்டச்சோறு தின்றுகொண்டு நான். ஐந்து வயிறும் அந்தக் கடலையைத்தான் நம்பியிருந்தன.

கடலை பிஞ்சு பிடித்ததும் பன்றி வந்தது. மலையில் இருந்து இறங்கி, ஒரே விடியற்காலையில் பத்துப் பாத்தியை உழுதுவிட்டுப் போயிருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. ஆனால் யுத்தம் வந்ததிலிருந்து வெடிமருந்து கண்ணில் படவில்லை. "தோ, இத்த வச்சுகினு பன்னிக்கு சலாம்தான் போடணும்" என்று அவர் துப்பாக்கியை எங்களிடம் காட்டிச் சிரித்தார்.

பாவா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், மலையில் விறகு வெட்டுகிற ஒருவரிடம் வீட்டில் மிச்சமிருந்த இரண்டு வேட்டிகளைக் கொடுத்து ஒரு மூங்கில் வில்லை வாங்கி வந்தார். அம்பு எங்கே என்று அக்கா கேட்டாள்.

"அத்த அவனவன்தான் செஞ்சுக்கணுமாம். என் கை நீளத்துக்கு வெட்டுனது ஒனக்கு ஒத்து வராதுன்னுட்டான்."

"ரெண்டு வேட்டிக்கு வெறும் வில்லா? நல்லாத்தான் ஏமாந்து வந்து நிக்கிறீங்க."

"ஏமாறல. மச்சான் இருக்கான் இல்ல, அவன் செய்வான்" என்றார் பாவா. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு ஒரு வேலை கொடுத்து மானத்தைக் காப்பாற்றினார் என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அந்த வேலையை உயிரைக் கொடுத்துச் செய்தேன்.

முதலில் கைக்குக் கிடைத்தது துவரை மிளாறு, அதாவது காய்ந்த துவரைச் செடியின் தண்டு. பார்க்க நேராக இருந்தது. நான் வெட்டிக் கொடுத்த ஆறும் மரத்தில் பட்ட மாத்திரத்தில் உடைந்தன. அடுத்து ஆற்றங்கரை நாணல். எடை இல்லாதது, ஊசிபோல நேரானது. பாவா விட்டதும் அது வாலை ஆட்டிக்கொண்டு பறந்து, பத்து முழம் தள்ளி, யாரையும் நோகடிக்காமல் படுத்துக்கொண்டது. "பன்னிக்கு முதுகு சொறிஞ்சி விடப் போறீங்களா?" என்று அக்கா கேட்டாள். குழந்தைகள் ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தார்கள். நாணலின் முனையில் கனமான கட்டைத் துண்டைச் செருகிப் பார்த்தேன். செருகிய இடத்தில் பிளந்தது. விராலிக் குச்சி நல்ல கெட்டி, ஆனால் எங்கே போனாலும் ஒரு வளைவு. நெருப்பில் வாட்டி நிமிர்த்தினால் மறுநாள் காலையில் பழையபடி வளைந்து கிடக்கும். சில மனிதர்கள் அந்த ஜாதி.

கடைசியில் வந்து நின்றது கெட்டி மூங்கிலில். விரல் பருமனில், உள்ளே பொந்து இல்லாமல் வளர்கிற சின்னக் கழிகள். காட்டிலாகா சேவகர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு கட்டு வெட்டிக்கொள்ள விட்டார். இன்னொரு கட்டுக்கு வந்தால் கேஸ் போடுவேன் என்றும் சொன்னார். அந்த ஒரு கட்டுதான்.

நிழலில் காய வைத்தேன். வெயிலில் காய வைத்தால் சீக்கிரம் ஆகும் என்று பாவா சொன்னார், நான் கேட்கவில்லை. பாவு நூலைக் கஞ்சி போட்டு ஆற்றுகிறவனுக்கு எதை எங்கே உலர்த்துவது என்று தெரியும். காய்ந்ததும் பரணிலிருந்து தறியின் படைமரத்தை இறக்கினேன். நெய்த துணியைச் சுருட்டுகிற மரம் அது. அதன் ஒரு பக்கம் மட்டமாக இழைத்திருக்கும். அதன்மேல் ஒவ்வொரு கழியாக உருட்டிப் பார்த்தேன். தடதடவென்று ஓடினால் வளைவு. சத்தமில்லாமல் ஓடினால் நேர். கணுக்களைக் கண்ணாடிச் சில்லால் சீவினேன். விரல்மேல் நிறுத்தி, முன்பக்கம் கொஞ்சம் சாய்கிறதா என்று பார்த்தேன். புழு துளைத்தது, பச்சை வாடாதது, ஒரு பக்கம் தடித்தது எல்லாம் அடுப்புக்குப் போயின. கட்டில் நாற்பதுக்கு மேல் இருந்ததில் பன்னிரண்டு தேறின. குறைந்தது பன்னிரண்டு வேண்டும் என்றுதான் பாவா கேட்டிருந்தார்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று அப்படி ஒரு அழகு. கணுவுக்குக் கணு நெடுந்தூரம், பொன்னிறம். நடுவில் மட்டும் அரிசி அளவு ஒரு சாய்வு. விட்டுத் தொலைத்திருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. தணலில் வாட்டி, முழங்காலில் வைத்து அழுத்தினேன். போதுமான அளவு சூடு ஏறவில்லை. டிக் என்று ஒரு சத்தம். நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு சாண் நீளத்துக்கு இழை போல விரிசல் ஓடியிருந்தது.

நெசவாளிக்கு இழை அறுவது ஒரு விஷயமே இல்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை அறும். எச்சில் தொட்டு முடிந்து, பல்லால் நறுக்கிவிட்டு, தறியை ஓட்டிக்கொண்டே இருப்போம். துணியை மடித்துக் கடையில் வைத்தால் எந்தக் கொம்பனாலும் முடிச்சைக் கண்டுபிடிக்க முடியாது. என் கை அப்படிப் பழகிய கை. உடைந்ததைத் தூக்கிப் போடவே அதற்குத் தெரியாது. விரிசலில் வேலம்பிசினைத் தேய்த்தேன். கழியின் மேல்தோலை அந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சீவிவிட்டு, புடவைக் கரைக்கு வைத்திருந்த சிவப்புப் பட்டு நூலில் மிச்சம் கிடந்ததை நெருக்கிச் சுற்றினேன். மேலே அரக்கு உருக்கிப் பூசி, கரி தேய்த்து, கண்ணாடிச் சில்லால் வழித்தேன். கணு இல்லாத இடத்தில் ஒரு கணு உண்டாகிவிட்டது. என் கைவேலையைப் பார்த்து நானே பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பாவாவுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. வில்லை விற்ற ஆள் அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தாராம், கழியைக் காதோரம் வைத்து மடக்கிப் பார்க்காமல் நாணில் வைக்காதே என்று. உள்விரிசல் இருந்தால் முனகும். முனகுகிற கழி நாண் அடிக்கும்போது கைமேலேயே உடைந்து கைக்குள் பாயும். அதனால், முனை தீட்டி வாலில் இறகு கட்டிய பன்னிரண்டையும் வாங்கும்போது பாவா கேட்டார்.

"எல்லாத்தியும் மடக்கிப் பாத்தியா மச்சான்?"

"ஆங், பாத்துட்டேன்."

பதினொன்றைப் பார்த்திருந்தேன். பன்னிரண்டாவதை மடக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பட்டு பிடித்துக்கொள்ளும் என்று நிஜமாகவே நம்பினேன், நம்பாமல் கொடுக்கவில்லை. அதைச் சொல்லி எந்தக் கோர்ட்டிலும் தப்பிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

பாவா நன்றாகவே பழகினார். வைக்கோல் கட்டில் பத்துக்கு ஆறு படும். ஒரு பன்றியின் தொடையில் தைத்து அது அலறிக்கொண்டு ஓடியது. இரண்டு வாரம் கூட்டமே எட்டிப் பார்க்கவில்லை. பன்றிக்கு அம்பு பட்ட அன்று அக்கா வெல்லம் போட்டுப் பொங்கினாள். பொன்னிறமான அந்தப் பன்னிரண்டாவது அம்பை மட்டும் பாவா செலவழிக்காமல் வைத்திருந்தார். "இது பெரிய பன்னிக்கு" என்பார்.

பெரியது ஒரு நாள் வந்தது. விடியும் நேரம், மலைமேல் கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. நாங்கள் வேலி ஓரம் குந்தியிருந்தோம். கடலைச் செடிக்குள் அது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பாவா அந்த அம்பை எடுத்தார். என் வாய்வரைக்கும் வார்த்தை வந்தது. வேண்டாம் பாவா, வேறு எடுங்கள் என்று நாலே சொல். பேசினால் பன்றி ஓடிவிடும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவர் காது வரைக்கும் இழுத்து விட்டார். சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. வில் கீழே விழுந்தது. பாவா தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உடைந்த கழி உள்ளே போய், உள்ளங்கைப் பக்கம் அதன் முனை தெரிந்தது.

என் துண்டை அவர் கையில் சுற்றினேன். பிறகு ஒரு காரியம் செய்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரத்தில், தரையில் கிடந்த நடுத்துண்டைப் பொறுக்கினேன். அதில் பிரிந்த பட்டு நூல் கொஞ்சம்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதி அதில் இல்லை. அந்தத் துண்டை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். இறகு கட்டிய வால் துண்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மனுஷர். ஒவ்வொரு சிம்பாகப் பிடுங்கித் தட்டில் போட்டார். பாவா அக்காவின் தோளில் பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். எல்லாம் வந்துவிட்டது போலத் தோன்றியதும் டாக்டர் நிமிர்ந்து கேட்டார்.

"வெறும் மூங்கில்தானா? நூலு, எறகு, வேற எதுனா உள்ள போயிருக்கப் போவுது. இருந்தா இப்பவே சொல்லிடுங்க, தோண்டிப் பாத்துடலாம். அப்புறம் சீழ் வச்சா கை போயிடும்."

"எறகு உள்ள போவலீங்க. மச்சான் கையில இருக்குது பாருங்க. மத்தபடி வெறும் மூங்கிலுதான்" என்றார் பாவா. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அம்பு செய்தவன் நான் என்று பாவா முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தார். நான் வால் துண்டைத் தூக்கிக் காட்டினேன். வாயைத் திறக்கவில்லை. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. டாக்டர் தையல் போட்டார்.

புண் மேலே மூடிக்கொள்ளும். பத்து நாளில் உள்ளே இருந்து வீங்கும். கீறி விடுவார்கள். மறுபடி மூடும், மறுபடி வீங்கும். ஒன்றரை மாதம் இப்படியே போனது. நான் தினமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்து, மறுநாள் நாளைக்கு என்று எழுந்தேன். நாள் ஆக ஆக, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்ற கேள்விதான் பெரிதாக நின்றது. பாவாவின் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் மெல்ல மெல்ல மடங்கி விறைத்தன.

பிறகு ஒரு காலை அக்கா வெந்நீரில் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே சொம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். சீழோடு ஏதோ ஒன்று வந்தது. அக்கா விரலால் பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது, ஒரு முழம் இருக்கும். வெந்நீரில் அலசியதும் சிவப்பு தெரிந்தது. அவள் தறி வீட்டில் பிறந்தவள். அந்த நூல் எந்தக் கட்டிலிருந்து வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னாது வந்துச்சு?" என்று பாவா கேட்டார்.

"ஒண்ணுமில்ல. அழுகுன சதை" என்று சொல்லிவிட்டு அடுப்பில் போட்டாள்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் என்னிடம் கேட்டாள். "டாக்டரு கேட்டப்ப நீ அங்கதான நின்னுகினு இருந்தே?"

"ஆங்" என்றேன்.

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அவரு உன்ன மனுஷன்னு நம்பிகினு இருக்காரு. அந்த நம்பிக்கையாவது அவருக்கு மிஞ்சட்டும். நீ வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். நூல் வந்தபின் புண் பதினைந்து நாளில் ஆறிவிட்டது. விரல்கள் திரும்பவில்லை.

கடலையில் பாதியைப் பன்றிக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் பிடுங்கினோம். யுத்தம் முடிந்து, மெல்ல நூலும் வந்தது. பாவா தறியை இறக்கிப் பூட்டினார். முதல் நாள் உட்கார்ந்தார். வலது கை, ஊடைநூலைக் கொண்டு போகிற நாடாவை ஓட்டியது. இடது கை, இழையை நெருக்குகிற பலகையை எப்படியோ தள்ளியது. முதல் இழை அறுந்தது. இரண்டு கை விரலும் வேண்டிய வேலை அது. பல்லில் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு முடியப் பார்த்தார், நழுவியது. மறுபடி கடித்தார். பெரிய பெண் ஓடிவந்து முடிந்து கொடுத்தாள். அவர் அவள் தலையைத் தடவிவிட்டு, தறிக் குழியிலிருந்து ஏறி வெளியே போனார். அதற்குப் பிறகு அதில் உட்காரவில்லை.

நான் உட்கார்ந்தேன். பள்ளிப்பட்டுத் தறியை விற்றுவிட்டு, பிறகு வந்த சம்பந்தத்தையும் தட்டிவிட்டு, அங்கேயே தங்கி அந்தக் குடும்பத்துக்காக நெய்தேன். பாவா ஒரு கையால் இராட்டையில் தார் சுற்றி, நாடாவுக்கு ஊடைநூல் தயார் செய்து கொடுப்பார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் மச்சான் மாதிரி ஒருத்தன் ஏழு ஊர்ல கெடைப்பானா? எனக்காகக் கல்யாணம்கூட வேணாம்னுட்டான்" என்பார். அக்கா அந்த நேரத்தில் எழுந்து உள்ளே போய்விடுவாள். எனக்கு அந்தப் புகழ்ச்சி ஒவ்வொன்றும் நெருப்பாக இறங்கும். நான்கு வருஷம் அதைக் கேட்டேன்.

ஐந்தாவது வருஷம் என்னால் முடியவில்லை. அக்கா குழந்தைகளோடு கனகம்மாசத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பகல் வேளை. பாவா தார் சுற்றிக்கொண்டிருந்தார். நான் நாடாவை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டிக் என்ற சத்தத்திலிருந்து டாக்டர் கேட்ட கேள்வி வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை. அழுதேன். அவர் இராட்டையை நிறுத்தவில்லை.

"செரி, போவுது. தெரிஞ்சா செஞ்சே" என்றார். குரல் உடைந்திருந்தது, ஆனால் அதில் கோபம் இல்லை. என் நெஞ்சிலிருந்து ஒரு மலை இறங்கியது. அப்புறம் அவர் கேட்டார்.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு பொய். ஆனால் நான் அன்று யோக்கியனாக ஆகிக்கொண்டிருந்தேன்; அந்த ருசியில் நிறுத்த மனம் வரவில்லை.

"நூலு வந்த அன்னிக்கே தெரியும் பாவா. அக்காதான் சொல்ல வேணாம்னுச்சு."

இராட்டை நின்றுவிட்டது. கை போனபோது பார்க்காத முகத்தை அப்போது பார்த்தேன். "நாலு வருஷமா நான் பேசுனதெல்லாம் கேட்டுகினு இருந்தாளா?" என்று மட்டும் கேட்டார். கேள்வியாகக் கேட்கவில்லை.

என்னிடம் அவர் மாறவில்லை. கடைசிவரை மச்சான் என்றுதான் கூப்பிட்டார். அக்காவிடம் பேசுவதைத்தான் நிறுத்திவிட்டார். சண்டை போடவில்லை, திட்டவில்லை. அவள் போட்டதைச் சாப்பிட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னார். தானாக ஒரு வார்த்தை எடுக்கவில்லை. என் எதிரிலேயே எத்தனையோ தடவை அக்கா அவர் அருகில் போய் நின்று, ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

ஏன் சொன்னாய் என்று அவள் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. எனக்குச் சோறு போடும்போது முன்பு போலவே இன்னொரு கரண்டி வைத்தாள். நான் சாப்பிட்டேன்.